மைக்கூட்டிலிருந்து வந்தவர்கள்

ஃபீலிக்ஸ் என்ற கறுப்புப் பூனைக்கு ஒன்றும் புரியாதபோது தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறி முளைக்கும். இதில் புதுமை இல்லை. பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் அன்றாடம் வருவதுதான். ஆனால் ஃபீலிக்ஸ் அதோடு விடமாட்டான். மிதக்கும் கேள்விக்குறியை எட்டிப் பறிப்பான். அதன் வளைவைக் கொக்கியாக மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விடுவான். ஆச்சரியக்குறி கையில் கிடைத்தால் அது பேஸ்பால் மட்டை. எதுவுமே கிடைக்காவிட்டால் வால் இருக்கவே இருக்கிறது. கழற்றினால் கைத்தடி, வளைத்தால் கொக்கி, குத்தினால் மண்வெட்டி. வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நடை போட ஆரம்பித்துவிடுவான்.

1919இல் நியூயார்க்கில், பேட் சல்லிவன் நடத்திய ஸ்டூடியோவில் பிறந்தவன் இவன். வரைந்தவர் ஓட்டோ மெஸ்மர் என்ற அடக்கமான மனிதர். திரையில் பெயர் போட்டுக்கொண்டதும் பேர் வாங்கியதும் சல்லிவன். முழுப் பெருமையும் சல்லிவனுக்கே என்று ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு, அவர் சிட்னிக்காரர் என்பதால். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். எனக்கு முக்கியமானது அந்தக் கேள்விக்குறிதான். தான் பேனாவால் போட்ட கோடு என்பது ஃபீலிக்ஸுக்கே தெரிந்திருக்கிறது. கேள்விக்குறியும் கோடு, சுவரும் கோடு, தானும் கோடு. அப்படியிருக்க ஒன்றை இன்னொன்றாக ஆக்கிக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும்?

1908 முதல் 1930களின் நடுப்பகுதி வரை வந்த கறுப்பு வெள்ளைக் குறும்படக் கார்ட்டூன்கள் மேல் எனக்கு இருக்கும் பித்துக்கு இதுதான் காரணம். பழைய நாட்கள் மேலுள்ள ஏக்கம் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஏங்குவதற்கு நான் அந்தக் காலத்தில் இருந்தால்தானே? ஃபீலிக்ஸ் வந்தபோது என் தாத்தாவே அரைஞாண் கயிற்றோடு திரிந்துகொண்டிருந்தார். எனக்குப் பிடித்தது அவற்றின் வயது இல்லை, நேர்மை. பின்னால் வந்த கார்ட்டூன்கள் ‘இது நிஜம், நம்பு’ என்று கெஞ்சும். இவை ‘இது மை, பார்’ என்று காட்டிவிட்டு, அப்புறம் நம்மை நம்ப வைக்கும்.

பிரான்சில் எமில் கோல் 1908இல் எடுத்த ‘ஃபாண்டஸ்மகோரி’ என்ற படம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. முதலில் ஒரு கை வந்து கோமாளி ஒருவனைக் கோட்டுருவமாக வரைகிறது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு எதுவும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. பாட்டில் பூவாகும், பூவின் தண்டு யானையின் தும்பிக்கையாகும், யானை வீடாகும். கரும்பலகையில் சாக்பீஸால் போட்டது போல இருக்கும். உண்மையில் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து, நெகட்டிவாக அச்சிட்டிருக்கிறார்கள். சுமார் 700 படங்கள், ஒவ்வொன்றையும் ஃபிலிமில் இரண்டு ஃபிரேமுக்கு, அதாவது இரண்டு கட்டத்துக்கு, எடுத்தது. கதை என்று தேடினால் கிடைக்காது. நான் தேடுவதுமில்லை.

அமெரிக்காவில் இந்த வேலையை ஒரு கலையாக்கியவர் வின்சர் மெக்கே. பத்திரிகை ஓவியர். 1914இல் ‘கெர்ட்டி’ என்ற டைனோசரைப் படைத்தார். சுமார் 10,000 படங்கள். கண்ணாடிபோன்ற செல்லுலாய்ட் தாள் அப்போது இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கவில்லை. அதனால் கெர்ட்டி அசைந்தாலும் அசையாவிட்டாலும் பின்னால் இருக்கும் பாறை, ஏரி, மரம் எல்லாவற்றையும் ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைய வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற இளைஞர். படத்தை இன்று பார்க்கும்போது கெர்ட்டியை விட்டுவிட்டு அந்தப் பாறைகளைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை கவனமாக வரைந்தாலும் ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குக் கோடு மயிரிழை அளவு நகரத்தான் செய்யும். மலையே மூச்சு விடுவது போல இருக்கும். அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஓர் இளைஞனின் மணிக்கட்டு வலி அது.

மூச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. கெர்ட்டி சும்மா படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்கும். அதற்கு எத்தனை படம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள, கடிகாரத்தை வைத்துக்கொண்டு மெக்கே தன் மூச்சையே அளந்து பார்த்தாராம். டைனோசர் எப்படி மூச்சுவிடும் என்று யாருக்குத் தெரியும்? அவர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார்.

இதை முதலில் சினிமாவாகக் காட்டவில்லை, மேடை நிகழ்ச்சியாகத்தான் நடத்தினார். திரைக்கு அருகே மெக்கே கையில் சாட்டையோடு நிற்பார், சர்க்கஸ்காரரைப் போல. ‘வா கெர்ட்டி, வணக்கம் சொல்லு’ என்பார். அது குகையிலிருந்து வெட்கத்தோடு தலையை நீட்டும். சொன்ன பேச்சைக் கேட்காமல் அடம் பிடிக்கும். திட்டினால் கண்ணீர் விடும். ஏரித் தண்ணீரை ஒட்டக் குடித்துவிடும். மெக்கே ஓர் ஆப்பிளைத் திரையை நோக்கி எறிவார். உண்மையில் உள்ளங்கையில் மறைத்துக்கொள்வார். அந்த நொடியில் திரைக்குள் கெர்ட்டி அதை வாயில் பிடிக்கும். கடைசியில் அவர் திரைக்குப் பின்னால் போய் மறைவார். போன கையோடு படத்துக்குள் சின்ன மெக்கே ஒருவர் தோன்றுவார். கெர்ட்டி அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விடும். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

இப்படித் தாள் தாளாக வரைந்து பிழைப்பு நடத்த முடியாது என்பது சீக்கிரம் விளங்கிவிட்டது. கெர்ட்டி வந்த அதே 1914இல் ஏர்ல் ஹர்டு ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அசைகிற உருவத்தை மட்டும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்ட் தாளில் வரைந்து, அசையாத பின்னணி மேல் வைத்துப் படமெடுக்கும் முறை. அவரும் ஜான் பிரே என்ற தயாரிப்பாளரும் கூட்டுச் சேர்ந்து, மற்ற ஸ்டூடியோக்களிடம் உரிமத் தொகை வசூலித்தார்கள். பின்னணி நடுங்குவது நின்றது. கார்ட்டூன் தொழிற்சாலைச் சரக்கானது. எடுத்து முடித்த செல்லுலாய்ட் தாளைக் கழுவித் துடைத்து அடுத்த படத்துக்கு வைத்துக்கொண்ட ஸ்டூடியோக்கள் உண்டு. நம் கண்ணுக்கு இன்று பொக்கிஷமாகத் தெரிவதெல்லாம் அன்று ஸ்பான்ஜில் போனது.

சிக்கனம்தான் இந்தப் பாணிக்கே தாய். உருவங்கள் ஏன் கறுப்பு? உள்ளே மையை நிரப்பிவிட்டால் நுணுக்கமாக எதுவும் வரைய வேண்டாம். திரையில் பளிச்சென்று தெரியவும் செய்யும். கண் இரண்டு வெள்ளை, நடுவில் கறுப்பு. உடம்பு வட்டம், தலை வட்டம், காது வட்டம். சில்லறைக் காசை வைத்துச் சுற்றிவர வரைந்துவிடலாம். கை கால்களில் முழங்கையும் இல்லை, முட்டியும் இல்லை. ரப்பர் குழாய் போல எந்தப் பக்கமும் வளையும், நீளும், சுருளும். அந்தத் தொழிலில் இருப்பவர்களே ரப்பர் ஹோஸ் பாணி என்றுதான் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூட்டு இருந்தால் உடற்கூறு தெரிய வேண்டும், நேரம் பிடிக்கும். விரல்கள் நான்குதான், அதுவும் மிச்சம். நடந்து போகிற காட்சியா, ஒரு சுற்று நடையை வரைந்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டு. பின்னணியை மட்டும் இழு. இன்று எல்லோரும் மயங்குகிற அழகில் பாதி, சம்பள நாளைச் சமாளிக்க யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழி.

மிக்கி மவுஸின் வெள்ளைக் கையுறை 1929இல் வந்த ‘தி ஆப்ரி ஹவுஸ்’ படத்தில்தான் முதலில் தோன்றுகிறது. அதற்கு முன் கையும் கறுப்பு, உடம்பும் கறுப்பு. மார்பின் முன்னால் கையைக் கொண்டுவந்தால் கை காணாமல் போய்விடும். கையுறை போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. அது வேறு எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அவ்வளவு இனிமையான கதை இல்லை.

இங்கே எங்கள் வீட்டு டிவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருவில் பல வீடுகளுக்குக் கலர் டிவி வந்த பிறகும் எங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளை சாலிடேர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் டிஸ்னி கார்ட்டூன்கள் வரும். எனக்கு எல்லாமே சாம்பல் நிறம். வானம் ஒரு சாம்பல், டொனால்டின் சட்டை ஒரு சாம்பல், புல்தரை இன்னொரு சாம்பல். எது எங்கே முடிகிறது என்றே சில சமயம் தெரியாது. கார்ட்டூன் என்றாலே இப்படிக் கலங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து இணையத்தில் 1920களின் ஃபீலிக்ஸைப் பார்த்தபோது முதலில் தோன்றியது: எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது! கலருக்காக வரைந்த ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது வேறு. கறுப்பு வெள்ளைக்காகவே பிறந்த ஒன்றைப் பார்ப்பது வேறு. பின்னதில் ஒவ்வொரு கறுப்புத் திட்டும் யோசித்து வைத்தது. திரையில் வெள்ளைதான் அதிகம். அந்த வெள்ளைக்குள் கறுப்பு தாவிக் குதிக்கும். நிறம் இல்லாதது ஒரு குறை என்ற நினைப்பே அன்று எனக்குப் போய்விட்டது.

அப்புறம் ஒலி வந்தது.

வால்ட் டிஸ்னியின் கையில் அதற்கு முன் இருந்தது ஆஸ்வால்ட் என்ற முயல். 1928இல் விநியோகஸ்தர் தரப்பு முயலையும் எடுத்துக்கொண்டு, ஆட்களில் பெரும்பாலானவர்களையும் இழுத்துக்கொண்டது. உடன் நின்றவர் அப் ஐவர்க்ஸ். முதல் மிக்கி படமான ‘பிளேன் கிரேஸி’யை அவர் ஏறக்குறைய தனியாளாக வரைந்தார், ஒரு நாளைக்கு 700 படங்கள் வரை போட்டார் என்று சொல்வார்கள். அந்தப் படத்தை வாங்க ஆளில்லை. இரண்டாவதையும் யாரும் சீந்தவில்லை. மூன்றாவது ‘ஸ்டீம்போட் வில்லி’. இதை ஒலியோடு எடுப்பது என்று முடிவானது.

எப்படி எடுப்பது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. வில்ஃப்ரெட் ஜாக்சன் என்ற இளம் அனிமேட்டரின் அம்மா பியானோ டீச்சர். மகன், தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைக் கொண்டுவந்தார். கணக்கு எளிது: ஒலிப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். அப்படியானால் மிக்கியின் கால் பன்னிரண்டாவது ஃபிரேமில் தரையைத் தொட வேண்டும், அடுத்த பன்னிரண்டில் மறுபடி. தாளக் கட்டை முதலில் போட்டுவிட்டு அதன் மேல் உயிர்களை ஏற்றினார்கள். இந்தக் காலத்துக் கார்ட்டூன்களில் யாரும் சும்மா நிற்கமாட்டார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பேசாமல் நிற்பவனும் முட்டியை மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருப்பான். கப்பலின் புகைபோக்கியும் அதே தாளத்தில் சுருங்கி விரியும். அந்தத் துள்ளலின் மூலம் இந்த ஃபிரேம் கணக்குதான்.

பாதிப் படம் முடிந்ததும் ஒரு ராத்திரி ஸ்டூடியோவில் சோதனை போட்டார்கள். வீட்டுப் பெண்கள்தான் பார்வையாளர்கள். புரொஜெக்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று அதை ஜன்னலுக்கு வெளியே வைத்து, டிஸ்னியின் அண்ணன் ராய் ஓட்டினார். ஒரு படுக்கை விரிப்புக்குப் பின்னால் ஜாக்சன் மவுத் ஆர்கன் வாசித்தார், ஐவர்க்ஸ் தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டினார். பெண்களுக்கு அது பெரிதாகப் படவில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்களாம். ஆண்கள் மட்டும் பரவசமாக மாறி மாறி வெளியே போய்ப் பார்த்தார்களாம். நியூயார்க்கில் நடந்த முதல் ஒலிப்பதிவு சொதப்பியது. இசைக்குழு படத்தோடு ஒட்டவே இல்லை. மறுபதிவுக்குப் பணம் வேண்டி டிஸ்னி தன் காரை விற்றார். இந்த முறை தாளத்தைக் காட்டும் அடையாளத்தை ஃபிலிமிலேயே போட்டு, நடத்துனர் அதைப் பார்த்து வாசிக்க வைத்தார்கள். 1928 நவம்பர் 18, நியூயார்க் காலனி தியேட்டர். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

முதல் ஒலிக் கார்ட்டூன் இதுதான் என்று எழுதுகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். ஃபிளெய்ஷர் சகோதரர்கள் 1920களின் நடுவிலேயே ஒலியோடு பாட்டுப் படங்கள் எடுத்துவிட்டார்கள், பாடல் வரி மேல் பந்து குதித்துக் குதித்துப் போக, அரங்கமே சேர்ந்து பாடும் வகையில். டிஸ்னி செய்தது வேறு. சத்தத்தைப் படத்தின் மேல் ஒட்டவில்லை, படத்தையே வாத்தியமாக்கினார்.

என் அக்கா மகனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். மிக்கியின் தோழி மின்னியின் கிதாரையும் பாட்டுத் தாளையும் ஓர் ஆடு தின்றுவிடுகிறது. உள்ளே போன சங்கீதம் வாய் வழியாகக் கசிகிறது. உடனே மின்னி ஆட்டின் வாலைப் பிடித்துக் கிராமபோன் போலச் சுற்ற, பாட்டு முழுசாக வருகிறது. மிக்கி பானை, வாளி எல்லாவற்றிலும் தாளம் போடுகிறான். பூனை வாலைப் பிடித்து இழுத்துக் கத்தவிடுகிறான். வாத்தை அமுக்கிக் குழல் வாசிக்கிறான். பால் குடிக்கும் பன்றிக்குட்டிகளை உதறித் தள்ளிவிட்டுத் தாயின் காம்புகளை ஆர்மோனியக் கட்டைகளாக அழுத்துகிறான். கடைசியில் பசுமாட்டின் வாயைப் பிளந்து பற்களில் சைலோபோன்.

‘மாமா, மாட்டுக்கு வலிக்காதா?’

‘வலிக்காதுடா. அது மையால போட்டதுதானே.’

‘அப்ப பூனை மட்டும் ஏன் கத்துது?’

பதில் இல்லை. அன்றைய மிக்கி நல்ல பிள்ளையே இல்லை. தெருப்பொறுக்கித்தனம் இருந்தது, எதையும் எடுத்துத் தட்டிப் பார்க்கும் கை இருந்தது. பிள்ளைகளுக்கு முன்மாதிரி என்ற பதவி உயர்வு கிடைத்த பிறகுதான் அவன் சலிப்பான ஆளாகிப்போனான். பிற்காலத்தில் இந்தப் படத்தையே சில இடங்களில் பன்றிக் காட்சியை வெட்டிவிட்டுத்தான் காட்டினார்கள்.

1929இல் வந்த ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’ இன்னும் சுத்தமான வேலை. கதை துளியும் இல்லை. நள்ளிரவு, கல்லறைத் தோட்டம், நான்கு எலும்புக்கூடுகள், ஆட்டம். இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங் கொடுத்த யோசனை, வரைந்தது பெரும்பாலும் ஐவர்க்ஸ். ஒரு எலும்புக்கூடு இன்னொன்றின் தொடை எலும்பைக் கழற்றி, அதன் முதுகெலும்பிலேயே வாசிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபீலிக்ஸ் தன் வாலைக் கழற்றிய அதே வித்தை, இப்போது தாளத்தோடு. சதை இல்லாத உருவங்கள், வெள்ளைக் கோடுகள், கறுப்பு இரவு. கறுப்பு வெள்ளை படத்துக்கு இதைவிடப் பொருத்தமான நடிகர்கள் கிடைக்கமாட்டார்கள்.

ஆனாலும், டிஸ்னியா ஃபிளெய்ஷரா என்று கேட்டால் நான் ஃபிளெய்ஷர் கட்சி.

மாக்ஸ் ஃபிளெய்ஷர் 1883இல் இன்றைய போலந்தின் கிராக்கோவ் நகரில் பிறந்து, சிறுவயதில் நியூயார்க் வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. பத்திரிகை ஓவியர், அதோடு இயந்திரப் பைத்தியம். நடிகரை ஃபிலிமில் எடுத்து, அதை ஃபிரேம் ஃபிரேமாகக் கண்ணாடியில் விழச் செய்து, மேலே தாள் வைத்து வரையும் ரோட்டோஸ்கோப் இவர் கண்டுபிடித்தது. 1917இல் காப்புரிமை கிடைத்தது. கோமாளி உடுப்பு போட்டு நடித்தவர் தம்பி டேவ். அந்தக் கோமாளிதான் கோகோ ஆனான். படத் தொடரின் பெயரே ‘மைக்கூட்டிலிருந்து’ என்று பொருள்படும். மாக்ஸ் மேஜையில் உட்கார்ந்திருப்பார், நிஜ மனிதராக. பேனாவைத் தொட்டு எடுப்பார், கோகோ தாளில் வந்து இறங்குவான், அவரோடு சண்டை பிடிப்பான், மேஜையை விட்டு ஓடுவான். கடைசியில் மறுபடி மைக்கூட்டுக்குள் குதிப்பான், மூடி விழும்.

1928இல் வந்த ஒரு படத்தில் கோகோவும் அவனுடைய நாய் ஃபிட்ஸும் பூமியையே இயக்கும் கட்டுப்பாட்டு அறையைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே ஒரு நெம்புகோல். இழுத்தால் உலகம் அழிந்துவிடும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. கோகோ வேண்டாம் என்கிறான். நாய்க்கு ஆசை விடவில்லை. இழுத்துவிடுகிறது. அதுவரை வரைபடமாக இருந்த படம் சட்டென்று நிஜ நியூயார்க்கைக் காட்டுகிறது: தெருக்கள் சாய்கின்றன, கட்டடங்கள் ஊஞ்சலாடுகின்றன. மைத்துளி ஒன்று செய்த சேட்டையால் நிஜ ஊரே ஆடிப்போகிறது. எனக்குத் தெரிந்து இவ்வளவு திமிரான சினிமா முடிவுகள் குறைவு.

ஒலி வந்தபோது டிஸ்னி நாட்டுப்புற மெட்டுகளையும் மேடை இசையையும் எடுத்துக்கொண்டார். ஃபிளெய்ஷர்கள் மன்ஹாட்டனில் இருந்தார்கள், எட்டினால் ஜாஸ். 1930இல் பெட்டி பூப் வந்தாள். கிரிம் நாட்விக் வரைந்த முதல் பெட்டி, பாதி நாய். தொங்கும் காதுகள்கூட உண்டு. 1932க்குள் அந்தக் காதுகள் வளையத் தோடுகளாக மாறி, அவள் முழுப் பெண்ணாகிவிட்டாள். (இதே நாட்விக்தான் பின்னால் டிஸ்னியிடம் போய், 1937ஆம் ஆண்டுப் படத்தின் ஸ்னோ ஒயிட்டையும் வரைந்தார்.)

1932இன் ‘மின்னி தி மூச்சர்’ படம் கேப் காலோவே என்ற ஜாஸ் பாடகரும் அவருடைய இசைக்குழுவும் நிஜத்தில் வாசிப்பதோடு தொடங்குகிறது. அவர் வழுக்கிக்கொண்டே ஆடுகிறார். பிறகு கார்ட்டூன். சாப்பிட அடம் பிடிக்கும் பெட்டியை அப்பா திட்டுகிறார், திட்டுகிறார், நிறுத்தவே மாட்டேன் என்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவர் தலை கிராமபோனாக மாறிவிடுகிறது. புலம்பெயர்ந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை அது. நமக்கும் பழக்கப்பட்ட காட்சிதான். பெட்டி வீட்டை விட்டு ஓடுகிறாள். இருட்டில் ஒரு குகை. உள்ளே ஒரு பேய், வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கின் உருவம். அது வாயைத் திறந்தால் காலோவேயின் குரல். அது ஆடினால், சற்று முன் பார்த்த அதே வழுக்கு நடை. ரோட்டோஸ்கோப் செய்த மாயம். மனித எடையோடு நகரும் ஒரு பேய். சுற்றிலும் எலும்புக்கூடுகள், கண்குழி மட்டும் உள்ள பூனைகள், சிறைப்பட்ட ஆவிகள். ஆறேழு வயதில் இதைப் பார்த்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

அடுத்த வருடம் ‘ஸ்னோ ஒயிட்’. டிஸ்னியின் படத்துக்கு நான்கு வருடம் முன்பே வந்தது, ஏழு நிமிடம்தான். ரோலண்ட் கிராண்டல் என்ற ஒரே அனிமேட்டர் சுமார் ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தார். இதை இதுவரை யாரும் பேசாமல் பார்த்து நான் கண்டதில்லை. என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுவார்கள். குகைக்குள் சவ ஊர்வலம் போகிறது. கோகோ, மறுபடியும் காலோவேயின் குரலில், ஒரு துக்கப் பாட்டைப் பாடிக்கொண்டு நடக்கிறான். மந்திரக் கண்ணாடி அவனைக் கடந்ததும் வெள்ளைப் பேயாகிவிடுகிறான்: நீளமான கால்கள், உடம்பு என்று ஒன்றும் இல்லை. பாட்டில் கடிகாரச் சங்கிலியில் மாட்டிய தங்கக் காசைப் பற்றி வரி வந்தால், அந்தப் பேயே சங்கிலியில் தொங்கும் காசாகிவிடுகிறது. சாராயம் பற்றி வரி வந்தால் பாட்டிலாகித் தன்னையே ஊற்றிக்கொள்கிறது. பின்னால் குகைச் சுவர் மெதுவாக நகர்கிறது, அதில் சூதாடியபடியே செத்துப்போன எலும்புக்கூடுகள் வரைந்திருக்கின்றன. நடை நிஜ மனிதனுடையது, உருவம் எதுவாகவும் மாறக்கூடியது. எமில் கோலின் கோடும் மெக்கேயின் மூச்சும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டது இங்கேதான் என்று எனக்குப் படும்.

கையுறை விஷயத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. முகத்தில் கரி பூசி, உதட்டைப் பெரிதாக்கி, வெள்ளைக் கையுறை மாட்டி, வெள்ளைக்காரர்கள் கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடை நாடகங்கள் அமெரிக்காவில் நூறாண்டு காலம் ஓடின. கார்ட்டூன்காரர்கள் வளர்ந்ததே அதைப் பார்த்துத்தான். கறுப்பு உடம்பு, பெரிய வெள்ளை வாய், கையுறை, எந்நேரமும் ஆட்டம் பாட்டம் எல்லாவற்றிலும் அந்த மேடையின் வாடை உண்டு. வார்னர் நிறுவனத்துக்கு வந்த பாஸ்கோ என்ற கார்ட்டூன் பாத்திரத்திடம் அது வாடையாகக்கூட இல்லை, அப்பட்டமாகவே இருந்தது. காலோவேயை அவ்வளவு மதிப்போடு காட்டிய அதே ஃபிளெய்ஷர் ஸ்டூடியோ, அதே 1932இல், ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் முகத்தை நரமாமிசம் தின்னும் காட்டுவாசியின் தலையாக்கிப் பறக்கவிட்டது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தியேட்டரில் தனி மாடி, தனி வாசல் என்று இருந்த காலம் வேறு. அவர்கள் இசையில்லாமல் இந்தக் கார்ட்டூன்கள் பாதி செத்துப்போகும். அந்தக் கடனை அடைத்த விதம் இது. அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதற்காகப் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை.

1934இல் தணிக்கை விதிகள் இறுகின. பெட்டியின் பாவாடை நீண்டது, கழுத்துவரை சட்டை வந்தது, வளர்க்க ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்து அவளைக் குடும்பப் பெண்ணாக்கினார்கள். பேய்கள் குகையைக் காலி செய்தன. அதற்கு முன்பே, 1932இல், டிஸ்னி ‘ஃபிளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ படத்தை டெக்னிகலரில் கொண்டுவந்து ஆஸ்காரும் வாங்கிவிட்டார். பாதி கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, கலரில் மறுபடி எடுத்த படம் அது. மிக்கி 1935இல் கலருக்குப் போனான். ஃபிளெய்ஷர்களின் மாலுமி போபாயும் வார்னரின் லூனி ட்யூன்ஸ் தொடரும் 1943 வரை தாக்குப்பிடித்தன. கலர் வந்ததோடு எடை வந்தது, நிழல் வந்தது, முழங்கை வந்தது. டிஸ்னி தன் ஆட்களுக்கு ஓவிய வகுப்பு நடத்தி, நிஜ உடம்பைப் பார்த்து வரையச் சொன்னார். விளைந்தது பெரிய கலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கேள்விக்குறியைப் பிடித்து ஏற முடியாது.

கறுப்பு வெள்ளைக்கு நடந்த அவமானம் இதோடு முடியவில்லை. கலர் டிவிக்கு விற்க வேண்டும் என்பதற்காக, 1968இல் வார்னரின் பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்களைத் தென் கொரியாவுக்கு அனுப்பி, ஃபிரேமின் மேல் தாள் வைத்து மறுபடி வரைந்து வண்ணம் பூச வைத்தார்கள். அவசர வேலை, அடிமட்டக் கூலி. இடையிடையே படங்களை விட்டுவிட்டார்கள். துள்ளல் போய் வெட்டி வெட்டி நகர்ந்தது. 1980களில் போபாயையும் அதே கதிக்கு ஆளாக்கினார்கள். ஒரு தலைமுறை அதுதான் போபாய் என்று நம்பி வளர்ந்தது.

இப்போது அதே கொலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. யூடியூபில் தேடினால் வண்ணம் பூசியது, ‘60 ஃபிரேம்’ என்று போட்டு வழவழப்பாக்கியது எல்லாம் முதலில் வந்து நிற்கும். நொடிக்குப் பன்னிரண்டு படம் வரைந்தவர், எந்தப் படத்துக்கும் எந்தப் படத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்று யோசித்துத்தான் விட்டார். அந்த இடைவெளியில் இயந்திரம் பாகு ஊற்றி நிரப்பினால் கால் தரையில் பதியும் அடியே காணாமல் போய்விடுகிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள். ஃபிலிம் கீறலும் பொட்டுகளும் தெரிகிற பிரதிகளைத் தேடுங்கள். ‘ஸ்டீம்போட் வில்லி’ 2024 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்த பொதுச் சொத்து, ‘ஸ்கெலிட்டன் டான்ஸ்’ 2025 முதல். நல்ல பிரதிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்தப் பாணி பிடித்துப்போய் விளையாடவும் வேண்டும் என்றால் 2017இல் வந்த ‘கப்ஹெட்’ இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் தொடங்கி, ரப்பர் கைகளைத் தாளில் கையாலேயே வரைந்து உண்டாக்கிய வீடியோ கேம். கஷ்டமான ஆட்டம், என்னால் பாதியைத் தாண்ட முடியவில்லை.

ஒன்றே ஒன்று பார்க்கத்தான் நேரம் என்றால் 1933 ‘ஸ்னோ ஒயிட்’, ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனோடு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ‘கெர்ட்டி’யில் தொடங்கி ‘ஸ்டீம்போட் வில்லி’க்கு வாருங்கள். பன்றிக்குட்டிக் காட்சிக்கு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் கேட்பார்கள்.